கயிறு பிடித்தவர்

கரைக்கு ஒரு படகு வருகிறது என்றால் அவரைக் கூட்டத்தில் இருத்தி வைக்க முடியாது. தலைவர் பேசிக்கொண்டிருப்பார், நான் கூட்டக்குறிப்பு எழுதிக்கொண்டிருப்பேன், இவர் மெல்ல எழும்பிச் சாரத்தை மடித்துக் கட்டிக்கொண்டு வெளியே போய்விடுவார். பின்னால் யார் கூப்பிட்டாலும் காதில் விழாது. சற்று நேரத்தில் முழங்காலளவு தண்ணீரில் நின்றுகொண்டு, வருகிற படகிலிருந்து எறியும் கயிற்றை அவர் எட்டிப் பிடிப்பது சங்கக் கட்டடத்தின் யன்னலால் தெரியும். பாதியில் விட்ட தீர்மானம் அடுத்த கூட்டத்துக்குப் போகும். நிர்வாக சபை உறுப்பினர் ஒருவர் இப்படி நடந்தால் செயலாளருக்கு எப்படி இருக்கும்? எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

முல்லைத்தீவுக் கரையில் எங்கள் கடற்றொழிலாளர் சங்கத்துக்கு நான் செயலாளராக இருந்த, சண்டை ஓய்ந்திருந்த சமாதான காலம் அது. அவருக்கு ஐம்பது தாண்டியிருந்தது. கயிறு உரசி உரசி வலது உள்ளங்கை காய்ச்சுப்போய், விரல்களை முழுவதும் விரிக்க முடியாமல் இருந்தது. மாதா கோயிலில் நன்மை அப்பம் வாங்கக் கை நீட்டும்போதும் அந்தக் கை பாதி மூடித்தான் இருக்கும். பூசைக்கு வந்தால் கடல் தெரிகிற வாசல் பக்கமாகத்தான் இருப்பார். ஆண்டவர் பீடத்தின் பக்கம் இருக்கிறார், சிலர் வேறு எங்கேயோ பார்க்கிறார்கள் என்று சுவாமியார் ஒருநாள் பிரசங்கத்தில் சாடையாகச் சொன்னார். பூசை முடிந்து வெளியே வந்ததும் இவர் போய்ச் சொன்னார்: “அவர் படகுக்காரரோட திரிஞ்சவர்தானே சுவாமி. அவரும் இடைக்கிடை அங்கால பார்ப்பார்.”

எங்கள் கரையில் ஒரு வழக்கம் இருந்தது. வேற்றூர்ப் படகு ஒன்று பழுதாகியோ திசை மாறியோ வந்தால், அதன் கயிற்றை யார் முதலில் பிடிக்கிறாரோ அவர்தான் வந்தவர்களுக்குச் சோறு போட வேண்டும், படுக்க இடம் கொடுக்க வேண்டும், திரும்பிப் போகும்வரை பொறுப்பாக இருக்க வேண்டும். எழுதி வைத்த சட்டம் எதுவும் இல்லை. அதனால் வேற்றூர்ப் படகு வந்தால் பலருக்கு அந்த நேரம் பார்த்து வேறு வேலை வந்துவிடும். இவர் மட்டும் ஓடுவார்.

“நீங்கள் கயித்தைப் பிடிச்சிட்டு வாருங்கோ, உலை வைக்கிறது நான்தானே,” என்று அவர் மனைவி எல்லாரும் கேட்கத்தான் சொல்லுவா. சொல்லிக்கொண்டே அரிசியைக் களைவா. அந்த மனிசியின் வாய்க்கும் கைக்கும் சம்பந்தமே இல்லை. வாய் ஏசிக்கொண்டிருக்க, கை ஒரு சுண்டு அரிசியைக் கூடப் போடும்.

ஒரு விடியற்காலை அக்கரை றோலர் ஒன்று எங்கள் கரையில் வந்து ஒதுங்கியது. றோலர் என்றால் கடலின் அடியை வாரி இழுத்துக்கொண்டு வரும் பெரிய படகு. தமிழ்நாட்டிலிருந்து அவை கூட்டமாக வந்து போனால், எங்கள் ஆட்கள் கடலில் விரித்த வலை காலையில் கந்தலாகத்தான் கிடக்கும். அந்தக் கிழமை அறுந்த வலைகளில் அவருடையதும் ஒன்று. அது அவர் வாங்கி ஒரு மாரிக்காலம்கூடப் போகாத வலை.

கரையில் பொடியள் திரண்டுவிட்டார்கள். வந்தவர்களை அடித்து, படகைப் பிடித்து வைத்து, வலைக்கு நட்டஈடு வாங்குவது என்பது அவர்களின் ஏற்பாடு. அதற்குள் இவர் இடுப்பளவு தண்ணீரில் இறங்கிக் கயிற்றைப் பிடித்துவிட்டார்.

“அண்ணை, கயித்தை விடுங்கோ. உங்கட வலையை அறுத்தவங்கள்.”

“தெரியும். என்ர வலையின்ர மிதப்புத்தான் அவன்ர விசிறியில சுத்திக் கிடக்கு. அதுதான் எஞ்சின் நிண்டிருக்கு.”

“பிறகேன் பிடிக்கிறியள்?”

“பிடிச்சாச்சு. முதல் சோறு. பிறகு கதை.”

அந்தப் படகின் ஓட்டியின் பெயர் முருகையன். முப்பது வயது இருக்கும், நாகப்பட்டினத்துப் பக்கத்து ஊர். அடி விழும் என்று பயந்துகொண்டு வந்தவன் இவர் வீட்டு அடுப்படி வாசலில் சம்மணம் கட்டியிருந்து தலையைக் குனிந்தபடி சாப்பிட்டான். என்ன நடக்கிறது என்று சங்கத்தின் சார்பில் பார்க்கப் போன எனக்கும் அந்த வீட்டில் ஒரு கோப்பைச் சோறு தரப்பட்டது.

“அண்ணே, உங்க வலைன்னு தெரியாதுண்ணே,” என்றான் முருகையன்.

“தெரிஞ்சிருந்தா?”

அவன் கோப்பையைக் கீழே வைத்தான். “தெரிஞ்சிருந்தாலும் இழுத்துருப்போம்ணே. மொதலாளி படகு. டீசலுக்குக்கூட மீன் வரலைன்னா எங்கள எறக்கி விட்ருவாரு.”

இவர் மனைவியைத் திரும்பிப் பார்த்தார். “உண்மை சொல்லுறான். அவனுக்கு இன்னும் கொஞ்சம் குழம்பு விடும்.”

சாப்பாடு முடிந்ததும் கத்தியை வாயில் கவ்விக்கொண்டு தண்ணீருக்குள் மூழ்கி, விசிறியில் சுற்றியிருந்த தன் வலையைத் தானே துண்டு துண்டாக அறுத்து எடுத்தார். பொடியளுக்கு அவரை அடிக்க வேண்டும்போல இருந்திருக்கும். எனக்கும் அப்படித்தான் இருந்தது. ஆனால் அன்று பின்னேரம் முருகையன் போகும்போது, தன் ஊர்ச் சங்கத்தில் இதைச் சொல்வதாக அவரின் கையைப் பிடித்துச் சொல்லிவிட்டுப் போனான். சொன்னபடி சொல்லியும் இருந்தான். அங்கேயிருந்து எங்கள் சங்கத்துக்குத் தொலைபேசி வந்தது.

அதன் பிறகு வந்ததெல்லாம் பெரிய வேலைகள். இரண்டு கரைச் சங்கங்களும் பேசுவது, இரண்டு ஊர்களையும் சகோதர ஊர்களாக்குவது, ஆட்கள் போய் வருவது. அப்போது எங்கள் பக்கத்தில் எதற்கும் அனுமதி எடுக்க வேண்டும், அதற்கு அலைந்தது நான். பெரிய மனிதர்கள் பிற்பாடு வந்து சேர்ந்துகொண்டார்கள், மேடையில் இருந்தார்கள், படமும் எடுத்தார்கள். உடன்பாடு இதுதான்: எங்கள் மிதப்புகளைக் கண்டால் அவர்கள் விலகிப் போக வேண்டும், எந்தக் கரைப் படகு பழுதானாலும் மற்றக் கரை சோறு போட்டு அனுப்ப வேண்டும். அது முழுதாகக் காப்பாற்றப்பட்டது என்று சொன்னால் பொய். முருகையனின் ஊர்ப் படகுகள் விலகிப் போயின. மற்ற ஊர்ப் படகுகள் வந்துகொண்டுதான் இருந்தன.

முருகையன் ஊர்க்காரரின் முதல் குழு வந்த நாளை நினைத்தால் இப்போதும் எனக்குச் சிரிப்பு வரும். கடலால் ஒரு இரவு ஓட்டம்தான். ஆனால் அவர்கள் விமானம் ஏறிக் கொழும்புக்கு வந்து, வவுனியாவில் தங்கி, ஓமந்தையில் இராணுவம், இயக்கம் என்று இரண்டு தரப்புச் சோதனையும் முடித்து, நெடுங்கேணிப் பாதையின் செம்புழுதியில் குளித்து ஒரு வான் வண்டியில் வந்து சேர்ந்தார்கள். சங்க வாசலில் நாங்கள் மாலைகளோடு நிற்கிறோம். வானின் கூரையில் பைகளைக் கட்டியிருந்த கயிறு வழியில் இளகி, ஒரு தலைப்பு பின்னால் நிலத்தில் இழுபட்டுக்கொண்டு வருகிறது. கூட்டத்துக்குள்ளிருந்து இவர் பாய்ந்து போய் அதைப் பிடித்துவிட்டார்.

“பிடிச்சாச்சு. சாப்பாடு என்ர வீட்டில.”

புதுக்குடியிருப்பிலிருந்து சாப்பாட்டுப் பொதிகள் எடுப்பித்து மண்டபத்தில் அடுக்கி வைத்திருந்தேன். “அண்ணை, அது வான். படகில்லை,” என்றேன் பல்லைக் கடித்துக்கொண்டு.

“வந்தது கடல்காரர்தானே, பிள்ளை.”

முருகையன் வண்டியிலிருந்து இறங்கி, தலைவர் நீட்டிய மாலையைக்கூட வாங்காமல் நேரே இவர் பின்னால் நடந்தான். மற்றவர்களும் ஒவ்வொருவராகப் போனார்கள். அங்கே சாப்பிட்டுவிட்டு, என் முகத்தைப் பார்த்துப் பாவப்பட்டு, மண்டபத்திலும் வந்து சாப்பிட்டார்கள். பின்னேரம் நடந்த கூட்டத்தில் கொழும்புப் பேச்சாளர் பேசும்போது குழுவில் பாதிப் பேர் நித்திரை.

சுனாமியாகக் கடல் வந்த அன்று அவர் வீட்டில் இருந்தார். நத்தார்த் திருநாளுக்கு அடுத்த நாள், ஞாயிற்றுக்கிழமைக் காலை. மகள் ரெஜினா புதுக்குடியிருப்பில் சித்தி வீட்டுக்குப் போயிருந்ததால் தப்பினாள். மனைவியை இவர் கையில் பிடித்துக்கொண்டுதான் ஓடினார். அலை பறித்துவிட்டது. எந்தக் கையால் என்று நான் கேட்கவில்லை. அகதிகள் தங்கியிருந்த பள்ளிக்கூடத்தில் ஒருநாள், யாரும் கேட்காமலே, அந்த வலக்கையை மடியில் வைத்துப் பார்த்துக்கொண்டு சொன்னார்: “எல்லாற்ற கயித்தையும் பிடிச்ச கை, பிள்ளை.” அதற்கு மேல் சொல்லவில்லை. அந்த மரணத்தைப் பற்றி அவர் என்னிடம் பேசியது அவ்வளவுதான்.

பிறகு அவர் கரைக்குப் போகவில்லை. நிவாரணச் சாப்பாட்டுக்குக் கோப்பையோடு வரிசையில் நிற்பார். படகுச் சத்தம் கேட்டால் மற்றப் பக்கம் திரும்பிக்கொள்வார். அவர் கூட்டத்தில் கடைசிவரை இருக்கத் தொடங்கியபோது எனக்கு அழுகை வந்தது. எத்தனையோ தடவை அவரை ஓரிடத்தில் இருத்திவிடு ஆண்டவரே என்று வேண்டியவள் நான்.

அக்கரையும் செத்துத்தான் கிடந்தது. முருகையனின் இளைய மகனைக் கடல் கொண்டுபோயிருந்தது. ஆனாலும் அந்த ஊரார் தங்களுக்குக் கிடைத்த புதுப் படகுகளில் சிலவற்றை எங்களுக்கென்று ஒதுக்கினார்கள். கடல் வழியாக நேரே கொண்டுவர விடவில்லை. கொழும்புத் துறைமுகத்தில் இறக்கி லொறிகளில் ஏற்றிக்கொண்டு, முருகையனும் இன்னும் சிலரும் கூடவே வந்தார்கள்.

எங்கள் ஆட்கள் லொறிகளைச் சுற்றி நிற்க, இவர் தறப்பாள் கூரை போட்ட தன் கொட்டிலின் வாசலில் கையைக் கட்டிக்கொண்டு நின்றார். வரவேற்க வரவில்லை. முருகையன் அவரைக் கண்டான். கண்டதும் லொறியில் ஏறி, முதலாவது படகின் முன் அணியத்தில் கட்டியிருந்த கயிற்றை அவிழ்த்து, அதன் தலைப்பை இழுத்துக்கொண்டு அவரிடம் நடந்து போனான்.

“புடிங்கண்ணே.”

இவர் அசையவில்லை.

“புடிங்கண்ணே. பசிக்குது.”

அவர் பிடித்தார். பிடித்துக்கொண்டு அப்படியே நிலத்தில் இருந்துவிட்டார். முருகையனும் பக்கத்தில் இருந்தான். ஒருவர் மனைவியையும் மற்றவர் பிள்ளையையும் சொல்லி அழுதார்கள். பிறகு இவர் எழும்பிப்போய் முதல் தடவையாகத் தானே உலை வைத்தார். அடிப்பிடித்த சோறு. கருவாட்டுக் குழம்பில் உப்பு அள்ளிப் போட்டதுபோல இருந்தது. முருகையன் இரண்டாம் தரமும் கேட்டு வாங்கிச் சாப்பிட்டான்.

போகும்போது அவன், “ஒரு தடவ எங்க கரைக்கு வாங்கண்ணே. கயித்த நான் புடிக்கிறேன்,” என்று சொல்லிவிட்டுப் போனான். அதிலிருந்து அவருக்கு அதுவே நினைப்பு. அடுத்த வருடம் எங்கள் பக்கத்திலிருந்து ஒரு குழு போவதாக இருந்தது. அவர் பெயரைத்தான் முதலில் எழுதினேன். புதுக்குடியிருப்புத் தையல்காரரிடம் வெள்ளைச் சேட்டு ஒன்று தைப்பித்தார். வாழ்நாளில் அவர் தைப்பித்த இரண்டாவது சேட்டு அது. முதலாவதைத் தைப்பித்தது கலியாணத்துக்கு.

“சேட்டு நல்லாயிருக்கோ, பிள்ளை?”

“நல்லாத்தான் கிடக்கு. அங்க போய்க் கடலுக்குள்ள பாயாதேங்கோ.”

அந்த ஆவணியில் சண்டை திரும்பத் தொடங்கி, பாதை பூட்டப்பட்டது. சேட்டு மடித்தபடியே அலுமாரிக்குள் போனது. தொலைபேசி வேலை செய்தவரையில் முருகையன் கூப்பிடுவான். “எப்பண்ணே வர்றீங்க?” இவர் சொல்லுவார், “பாதை திறக்கட்டும்.” பிறகு தொலைபேசியும் நின்றது. சண்டை நெருங்கி எல்லாரும் முல்லைத்தீவை விட்டு எழும்பியபோது மற்றவர்கள் கதிரை, சைக்கிள் என்று கட்டினார்கள். இவர் அக்கரை தந்த படகை ட்ராக்டர் பெட்டியில் ஏற்றிக்கொண்டு வந்தார்.

முள்ளிவாய்க்கால் மணலில் பதுங்க வெட்டிய எங்கள் பங்கரும் அவருடையதும் அருகருகே இருந்தன. ரெஜினா அதற்குள் கலியாணம் முடித்து, ஒரு ஆண்பிள்ளைக்குத் தாயாகி, வழியில் ஷெல்லுக்குப் புருசனையும் பறிகொடுத்துவிட்டு வந்திருந்தாள். பிள்ளைக்குப் பால்மா இல்லை, தாயிடமும் பால் வற்றிவிட்டது. கடலால் தப்பிப் போக நினைத்தவர்களைக் கரையில் மறித்தவர்களும் இருந்தார்கள், கடலில் சுட்டவர்களும் இருந்தார்கள். அப்படியிருந்தும் சில படகுகள் போயின. அவர் தன் படகையும் அனுப்ப முடிவெடுத்தார். எஞ்சின் ஓட்டத் தெரிந்த ஒருவரும், பிள்ளை குட்டியோடு சில குடும்பங்களும் ஏறுவதாக ஏற்பாடு.

பொழுது சாயும் நேரம். அவரும் ஏறித்தான் இருந்தார். கரையிலிருந்து இரண்டு சின்னப் பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு ஒரு தாய் நெஞ்சளவு தண்ணீர்வரை வந்து நின்றாள். யாரென்று எங்களுக்குத் தெரியாது. இவர் அவளைப் பார்த்தார், படகைப் பார்த்தார், இறங்கிவிட்டார்.

“அப்பா, நீங்கள் வராட்டி நானும் இறங்குறன்,” என்றாள் ரெஜினா.

“பிள்ளையை வைச்சுக்கொண்டு விசர்க்கதை கதையாதை. நான் இறங்கினா அந்த மூண்டு பேரும் ஏறலாம்.”

“அங்க ஆரைத் தெரியும் எனக்கு?”

“முருகையன் நிக்கிறான்.”

“நாங்கள் வாறது அவருக்குத் தெரியுமே?”

“தெரியத் தேவையில்லை. கரையில நிக்கிறவன் பிடிப்பான்.”

சாரத்துக்குள் செருகியிருந்த ஒரு பொலித்தீன் பொட்டலத்தை எடுத்து மகளிடம் எறிந்தார். அந்த வெள்ளைச் சேட்டு. “பெடியனைச் சுத்து. பனி அடிக்கும். நான் போகேல்ல, சேட்டாவது போகட்டும்.” பிறகு படகின் கயிற்றைச் சுருட்டி உள்ளே போட்டார். அவர் ஒரு கயிற்றைக் கைவிட்டதை நான் அன்றுதான் பார்த்தேன்.

அதன் பின் அவருக்கு ஒரே கேள்விதான் இருந்தது. விடிந்தால் பங்கருக்குள் எட்டிப் பார்த்து, “போய்ச் சேர்ந்திருப்பினம், என்ன பிள்ளை?” என்பார். “ஓமண்ணை, சேர்ந்திருப்பினம்,” என்பேன். போன படகுகளில் எது சேர்ந்தது, எது சேரவில்லை என்று சொல்ல அங்கே யாருக்கும் வழி இல்லை. அவருக்கும் அது தெரியும். தெரிந்துகொண்டே மறுநாளும் கேட்பார். ஷெல் அடி ஓய்ந்த நேரம் பார்த்து, வெறும் கடலின் ஓரத்தில் போய் நிற்பார்.

என் கணவருக்குக் காலில் காயம். எனக்கு இரண்டு பிள்ளைகள். கஞ்சி கொடுக்கிறார்கள் என்று கேள்விப்பட்டால் இவர் கம்பிப் பிடி போட்ட பால்மாத் தகரப் பேணியைத் தூக்கிக்கொண்டு எங்களுக்கும் சேர்த்து வரிசைக்குப் போவார். கொண்டுவந்து பிள்ளைகளுக்கு ஊற்றிக் கொடுத்துவிட்டு, “நான் அங்கயே குடிச்சிட்டன்,” என்பார். வரிசையில் நின்று குடிக்க அங்கே யாரும் கொடுப்பதில்லை என்பது எனக்கும் தெரியும். பிள்ளைகளின் பசி என் வாயைக் கட்டிப் போட்டிருந்தது.

கடைசி நாளும் அப்படித்தான் போனார். திரும்பி வரும்போது, எங்கள் பங்கருக்கு நாலு பாகத் தூரம் தள்ளி ஷெல் விழுந்தது. நான் ஓடிப் போனபோது உயிர் இல்லை. வலக்கை பேணியின் கம்பியைப் பிடித்தபடி இருந்தது. அந்த விரல்கள் விரியாது என்று சொன்னேனே, கழற்றி எடுக்கப் பட்ட பாட்டை நான் எழுத விரும்பவில்லை. கஞ்சியை மணல் குடித்துவிட்டது.

பெட்டி இல்லை, சுவாமியார் இல்லை. கரையில் உடைந்து கிடந்த படகொன்றின் கயிற்றை வெட்டி எடுத்து, அவரைத் தறப்பாளில் சுற்றி, பக்கத்துப் பங்கர்க்காரர் ஒரு பக்கமும் நான் மறுபக்கமுமாகக் கயிற்றைப் பிடித்து இறக்கினோம். இறக்கி முடிந்த பிறகுதான் என் கையைப் பார்த்தேன். நான் கயிறு பிடித்திருந்தேன். அவருடைய வழக்கப்படி நான் சோறு போட வேண்டும். என்னிடம் ஒரு பிடி அரிசி இருக்கவில்லை.

சண்டை முடிந்து செட்டிக்குளத்து முகாமில் எங்களைக் கம்பி வேலிக்குள் வைத்திருந்தபோது, வந்துபோகும் கன்னியாஸ்திரி ஒருவர் என்னைப் பெயர் சொல்லித் தேடிக்கொண்டு வந்தார். அக்கரையிலிருந்து அவருடைய மடத்துக்கு ஒரு பெண் விடாமல் தொலைபேசி எடுத்து, எங்கள் ஊர் ஆட்களைத் தேடச் சொல்லியிருக்கிறாள். கன்னியாஸ்திரி தன் தொலைபேசியை உடுப்புக்குள் மறைத்துக் கொண்டுவந்திருந்தார்.

“அன்ரி, நான் ரெஜினா.”

தொலைபேசியைக் காதோடு அழுத்திக்கொண்டேன். அவள்தான் பேசினாள். வேறு ஏதோ ஊரில் கரை ஏறினார்களாம். அங்கே நின்ற ஒரு கிழவர் கயிற்றைப் பிடித்தாராம். பிறகு பொலிஸ் வந்து அகதி முகாமுக்கு அனுப்பினார்களாம். முருகையன் மாமா தேடிப்பிடித்து வந்துவிட்டாராம். பிள்ளை நடக்கிறானாம். “அப்பாவிட்டச் சொல்லுங்கோ அன்ரி, அவன் நடக்கிறான்.”

சொன்னேன். வேறு எப்படிச் சொல்வது என்று தெரியாமல் நேரேயே சொன்னேன். அந்தப் பக்கம் அவள் அலறுவது கேட்டது. தொலைபேசி கைமாறியது.

“அக்கா, நான் முருகையன். கயித்தப் புடிச்சது வேற ஊருக்காரர்க்கா. அவருகிட்டப் போயி, இது என் கயிறுன்னு சொல்லி வாங்கிக்கிட்டேன். இந்தப் புள்ளைங்க ரெண்டு பேரும் என் பொறுப்பு. ஞாயித்துக்கெழம ஞாயித்துக்கெழம மீனு கொண்டாந்து குடுத்துட்டுப் போறேன். இத அண்ணன்கிட்டச் சொல்லணும்னுதான் இத்தன நாளா...”

கன்னியாஸ்திரி வெளியே பார்த்துக்கொண்டு, சுருக்காக என்று எனக்குக் கைகாட்டினார்.

“அக்கா, கடைசில அண்ணன் சாப்பிட்டாரா?”

“ஓம்,” என்றேன். “சாப்பிட்டவர். வயிறு நிறையச் சாப்பிட்டவர்.”

“நீங்களா போட்டீங்க?”

“ஓம் தம்பி. நான்தான் போட்டனான்.”

“அப்ப சரிக்கா,” என்றான். அதன் பிறகு அவன் அழுதது மட்டும் கேட்டது.